விழுந்துருச்சு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜீப், சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன கிழம். கியர் கம்பியின் அடிமுனை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று டிரைவர் மாயாண்டி வெள்ளைக்காரத் தொரையிடம் இரண்டு தடவை போய் நின்றான். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான். அது ஓடாமல் நின்ற நாளைத்தான் சொல்கிறேன். ஐம்பத்துமூன்றாம் வருஷம், ஆடி மாத மழை.

அன்று காலை மாயாண்டியின் பெண்சாதி வேலாயிக்கு ஏழாம் மாதத்திலேயே உதிரம் கண்டுவிட்டது. மேல்கணக்கு என்று நாங்கள் சொல்லும் மலையுச்சிப் பிரிவில், வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் குடியிருப்பு. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அலோசியஸ் ஐயா வந்து பார்த்தார்.

"அசையாமப் படுத்திருக்கணும். எழுந்து நடந்தா உயிருக்கே ஆபத்து. ஜீப்ப கொண்டா, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

மாயாண்டி கீழே ஃபேக்டரிக்கு ஓடிவந்தான். ஜீப்பைக் கிளப்பினால் கியர் எந்தப் பக்கமும் போகவில்லை. லாரியோ தேயிலைப் பெட்டிகளோடு கொழும்புக்குப் போயிருந்தது.

நான் ஃபேக்டரிப் பட்டறைக்காரன். இரண்டு பேருமாகக் கியர்ப் பெட்டி மூடியைக் கழற்றினோம். கம்பியின் முனை தன் பள்ளத்தை விட்டு நழுவி நடுவில் சிக்கிக் கிடந்தது. அதை உருவி, மொட்டையாகிப்போன முனையில் பித்தளையை உருக்கி ஏற்றி, அரத்தால் ராவினேன்.

"சீக்கிரம் ராமையாண்ணே, சீக்கிரம்ணே" என்று மாயாண்டி என் உயிரை எடுத்தான். ஒரு அதட்டுப் போட்டேன். மாட்டிப் பார்த்தோம், கியர் விழவில்லை; முனை பள்ளத்தில் உட்காரவில்லை. எடுத்து இன்னும் கொஞ்சம் ராவினேன்.

மறுபடி பூட்டியதும் மாயாண்டி ஏறி உட்கார்ந்து, கிளச்சை மிதித்துக் கம்பியைத் தள்ளினான். டக்கென்று முதல் கியர் விழுந்தது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துக் கத்தினான்:

"மேல்கணக்குக்குச் சொல்லுங்க! ஜீப்புக்கு கியர் விழுந்துருச்சு!"

எங்கள் மலையில் சேதி அப்படித்தான் போகும். ஒரு தேயிலைச் செடி நிரையில் நிற்பவள் கூவுவாள், மேலே நிற்பவள் அதை வாங்கி அடுத்த மலைக்குக் கூவுவாள். அன்று மழை, காற்று, பனிமூட்டம் எல்லாம் சேர்ந்துகொண்டன. கொழுந்து பறிக்கிறவளுக்குக் கியர் விழுவது என்றால் என்ன தெரியும்? புரியாத சொல் வழியிலேயே தொலைந்துபோனது. லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டே சொல்: "ஜீப்பு விழுந்துருச்சு!"

எங்கள் ரோட்டில் ஜீப் விழுந்தால் எங்கே விழும் என்று வேலாயிக்குத் தெரியும். கிடுகிடு பள்ளம். பக்கத்து வீட்டுக் காளியாயி அவளை அமுக்கிப் பிடித்துப் பார்த்தாளாம். உதறிவிட்டு எழுந்து, மழையோடு மழையாகக் குறுக்குப் பாதைப் படிகளில் இறங்கி ஓடியிருக்கிறாள், புருஷனைத் தேடி.

நாங்கள் ரோட்டில் ஏறிப் போனபோது, குறுக்குப் பாதை வந்து சேரும் பாலத்தடியில் கூட்டம் நின்றது. மாயாண்டி பிரேக்கைப் போட்டுக் குதித்தான். வேலாயி, பின்னாலேயே ஓடிவந்த காளியாயியின் மடியில் கிடந்தாள். சேலை முழுக்க இரத்தம். கண்ணைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். கைகால் முழுசாக இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

"நீங்க விழலியா?"

"இல்ல புள்ள. கியருதான் விழுந்துச்சு."

அவளுக்கு அது விளங்கியிருக்காது. ஆனாலும் முகம் தெளிந்தது.

பின்னால் கிடத்தி ஓட்டினோம். கியர் ஒரு தடவைகூட நழுவவில்லை, பாழாய்ப்போனது அன்றைக்கென்று சொன்ன பேச்சைக் கேட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியில், தலவாக்கலை தாண்டுமுன் வேலாயி போய்விட்டாள்.

கருமாதி முடிந்து மாயாண்டி வேலைக்கு வந்தான். தொரை ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டார்:

"இப்ப கியர் நல்லா விழுதா?"

"விழுதுங்க, தொரை" என்றான் மாயாண்டி.

நான் கையிலிருந்த ஸ்பேனரோடு பட்டறைக்குள் போய்விட்டேன். நின்றிருந்தால் அந்த ஆளின் மேல் எறிந்திருப்பேன்.