இடுப்பளவுத் தண்ணீர்

காரை விட்டு இறங்கக் கதவைத் திறந்தேன். காற்று அதை என் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கம் அறைந்தது. கீல் முனகியது. "திரும்பிப் போயிடலாங்க" என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"கடற்கரைன்னா காத்து அடிக்கத்தான் செய்யும்," என்றார்.

காற்று வாங்கப் போகிற கடற்கரை இல்லை இது. மணல் கணுக்கால் உயரத்துக்குப் பறந்து வந்து சுருக் சுருக்கென்று குத்தியது. பேச வாயைத் திறந்தால் பல்லெல்லாம் மணல். காற்று ஒரே பக்கத்திலிருந்து ஓயாமல் அடிக்கும், தண்ணீரோ வெகுதூரம் உள்ளே போனாலும் இடுப்பைத் தாண்டாது. இந்த இரண்டுக்காகவே எங்கெங்கிருந்தோ ஆட்கள் இங்கே வருகிறார்கள். சிலர் பலகைமேல் பாயை நட்டுப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மற்றவர்கள் வானத்தில் பெரிய துணிப் பட்டத்தை ஏற்றி, அதன் கயிற்றைத் தங்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு, பட்டம் இழுத்த இழுப்புக்குத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். பட்டத்தை மனுஷன் விட்டுப் பார்த்திருக்கிறேன். மனுஷனைப் பட்டம் விட்டு அன்றுதான் பார்த்தேன்.

"பார்த்தியா, எல்லாருக்கும் இடுப்பளவுதான். முழுகறதுக்கே இடமில்ல," என்றார்.

"முழுகறதுக்கு ஒரு பக்கெட் தண்ணி போதும்," என்றேன்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறினால் அதை மிதிப்பார், கூடவே ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிடுவார். மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு இறக்கத்தில், கல்லூரிப் பெண் ஒருத்தி பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். கார் நடைபாதையில் ஏறிச் சுவரில் மோதியது. அவளுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இவருக்குக் கீறல்கூட இல்லை.

இரண்டு பிரேக்கையும் பிடித்ததால்தான் அந்த மட்டோடு போயிற்று என்று இவர் சொன்னார். நான் அதைத் தெரு முழுக்கச் சொன்னேன். நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணின் அம்மா வீடு தேடி வந்து, இவர் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் இவர் அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறவே இல்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல." கல்லுளிமங்கன் தோற்றான். தூக்கத்தில் மட்டும் வலது கை கட்டிலுக்குப் பக்கத்தில் எதையோ வெடுக் வெடுக்கென்று இழுக்கும். பாவம், காப்பாற்றின கை இன்னும் அடங்கவில்லை என்று நினைத்து அதைத் தடவிக்கொடுப்பேன்.

அப்படி இருந்தவர்தான் திடீரென்று இந்தப் பட்டப் பலகையில் வந்து சேர்ந்தார். ஏன் இது என்று கேட்டதற்கு, "இதுல பக்கத்து சீட்டே கிடையாது. விழுந்தா நான் மட்டும்தான் விழுவேன்," என்றார்.

"அப்ப நான் யாரு? டிக்கியில கிடக்கற ஸ்டெப்னியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. தான் விழுந்தால் பரவாயில்லை என்று நினைக்கிற மனுஷனைத் தனியாகக் கடலுக்கு அனுப்பலாமா? முதல் வகுப்புகளுக்குத் தனியாகத்தான் போனார். அன்று நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

பயிற்சிக் கொட்டகையில் ரப்பர் உடுப்புகள் வரிசையாகத் தொங்கி, காற்றில் கைகால்களை உதறிக்கொண்டிருந்தன. பார்க்கவே பிடிக்கவில்லை. டிரெய்னர் ஒரு சின்னப் பெண். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. நான் அவளைக் கேள்வியால் துளைத்தெடுத்தேன்.

"கயிறு அறுந்துட்டா?"

"அறுந்து போகாதுக்கா."

"இழுத்துட்டே போயிட்டா?"

அவள் ஒரு குறுக்குக் கம்பியை எடுத்துக் காட்டினாள். பட்டத்துக் கயிறுகள் எல்லாம் அதில்தான் வந்து சேர்ந்தன. "இதைத் தன் பக்கம் இழுத்தா பட்டத்துக்கு வேகம் கூடும். விட்டுட்டா வேகம் போயிடும். பயம் வந்தா கையை விட்டுடணும். அவ்வளவுதான் பாடம்."

"விட்டும் நிக்கலன்னா?"

"வயித்துக்கு நேரா இந்தச் சிவப்புக் கைப்பிடி இருக்கும். வெளிப்பக்கமா ஒரே தள்ளு. பட்டம் செத்துடும்."

நானே ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் மறுபடியும் தள்ளினேன். இவருக்கு மானம் போனது.

"கண்ணாடிக் கடையில வேலைம்மா இவளுக்கு. 'இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா'ன்னு கேட்டே பழக்கம்," என்றார்.

"பரவால்ல சார். பயப்படறவங்கதான் ஒழுங்கா கேப்பாங்க. நீங்க ஒண்ணுமே கேக்கறதில்லையே, பயமே இல்லையா?"

"எனக்கென்ன பயம்," என்றார். கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

காற்று போகிற பக்கத்தில், கரையின் கோடியில், கறுத்த பாறைகளைக் கொட்டிக் கடலுக்குள் நீளமாக ஒரு சுவர் போட்டிருந்தார்கள். காற்று கொஞ்சம் தணியுமே என்று நான் அதன் அருகில் போய் உட்கார்ந்தேன். சுவருக்கு வெகு முன்னாலேயே தண்ணீரில் ஒரு சிவப்புக் கொடி. அதைத் தாண்டி யாரும் வரமாட்டார்கள் என்று டிரெய்னர் சொல்லியிருந்தாள். நான் கொடியைப் பார்ப்பதும் இவரைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. அவள் பின்னாலிருந்து இவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, இவர் பட்டத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பலகைமேல் ஒருமுறை எழுந்து நின்று, கொஞ்சதூரம் போய், பொத்தென்று விழுந்தார். விழுந்தவர் சிரித்தார். அவர் பல்லைப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. நாம்தான் சும்மா பயந்து சாகிறோமோ என்று முதல்முறையாக நினைத்தேன்.

அப்போது வேறொருவர் காலில் பட்டத்துக் கயிறுகள் சுற்றிக்கொள்ள, அந்த ஆள் கத்தினார். டிரெய்னர் இவரிடம் அப்படியே நில்லுங்கள் என்று கை காட்டிவிட்டு அங்கே ஓடினாள். இவர் இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நின்றார். தலைக்கு மேலே பட்டம்.

வெளிர் பச்சையாக இருந்த தண்ணீரில் தூரத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. அது வேகமாக வந்தது. தெரிந்தவர்கள் எல்லாம் மளமளவென்று பட்டத்தை இறக்கப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். இவர் தெரியாதவர். இவர் என்னைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கறுப்போடு பெருங்காற்று வந்து விழுந்ததும் பட்டம் துள்ளியது. இவர் முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்து இழுபட ஆரம்பித்தார்.

"கையை விடுங்க!" என்று கத்தினேன். காற்று என் குரலை வாயிலேயே திருப்பித் தள்ளியது. அவர் விடவில்லை. கம்பியைத் தன் நெஞ்சை நோக்கி வெடுக்கென்று இழுத்தார். வேகம் கூடியது. இன்னும் பலமாக இழுத்தார். இன்னும் கூடியது. கொடியைத் தாண்டிவிட்டார். வலது முழங்கை பின்னால் போகிற அந்த விதம் எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் பார்த்தது. அவர் பிரேக் பிடிக்கிறார். நிறுத்துவதாக நினைத்து, பாறைக்கு நேராக ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கிறார்.

நான் குளிக்கும்போது முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவே பயப்படுகிறவள். எப்படிக் கடலுக்குள் இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முழங்கால் தண்ணீர் ஓட விடாது. ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைத்தேன். செத்துப்போகப் போகிறார், என் கண் முன்னால் செத்துப்போகப் போகிறார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் என்னைத் தாண்டிப் போகிற நொடியில் பாய்ந்து இடுப்புப் பட்டையைப் பிடித்தேன். தோள் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இப்போது இரண்டு பேரையும் பட்டம் இழுத்தது. ஆழமில்லாத தண்ணீர் எவ்வளவு கொடியது என்று அப்போது தெரிந்தது. முழங்காலைத் தரை உரித்தது. நிற்கவும் முடியாது, மிதக்கவும் முடியாது. மூக்கிலும் வாயிலும் உப்பு.

"விடுங்க! கையை விடுங்க!" காதுக்குள் கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. கண்ணை விரித்து, நேரே பாறையையே பார்த்துக்கொண்டு இழுத்தார். நான் அவர் முதுகில் தொற்றி, முன்பக்கம் கையை விட்டுத் துழாவினேன். சிவப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத்தான் தட்டுப்பட்டது. தள்ளினேன். வழுக்கியது. பாறைமேல் ஒட்டியிருந்த சிப்பிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. உள்ளங்கையை வைத்து மறுபடி தள்ளினேன்.

இழுப்பு நின்றது. பட்டம் செத்து, படபடவென்று அடித்துக்கொண்டு பாறைமேல் போய் விழுந்து கிழிந்தது. நாங்கள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். கையை நீட்டினால் பாறையைத் தொட்டிருக்கலாம்.

அவர் கம்பியை இன்னும் விடவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்துவிட்டு அவரை ஓங்கி ஓர் அறை விட்டேன்.

"படிச்சுப் படிச்சு சொன்னாளே அந்தப் பொண்ணு! ஏன் விடல? சாகணும்னே வந்தீங்களா?"

"இல்ல," என்றார். பல் கிட்டியிருந்தது. "பிடிக்கணும்னு நினைச்சேன். இன்னைக்காவது."

"எதை?"

"பிரேக்கை. அன்னைக்கு நான் பிடிக்கல."

எனக்குப் புரியவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கால் பெடல் மேலதான் இருந்துச்சு. கை பக்கத்துலயே இருந்துச்சு. எதையும் தொடல. பயத்துல உறைஞ்சு போயிட்டேன். சுவர் வர்றதைப் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு 'மாஸ்டர், மாஸ்டர்'னு கூப்பிட்டா."

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த அம்மாவின் முகம் என் முன்னால் வந்தது.

"அவங்க வந்தப்ப சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொல்ல வாயெடுத்தேன். நீ டீயை எடுத்துட்டு வந்து, 'இவர் இல்லன்னா உங்க பொண்ணே இல்லைங்க'ன்னு சொல்லிட்ட. அப்புறம் எனக்கு வாய் வரல."

சொன்னேன்தான். அதே வார்த்தையைத்தான் சொன்னேன். சொல்லும்போது அந்த அம்மாவைப் பார்த்தேனே தவிர, இவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிரெய்னர் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "சார், ஒண்ணும் ஆகலையே? சார்!"

ஒண்ணுமில்ல என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ரொம்ப பயந்துட்டேன்ம்மா," என்றார். சொன்னதும் அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கரைக்குக் கூட்டிவந்தோம். என் முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்ததை அவள் சொல்லித்தான் பார்த்தேன்.

துண்டைப் போர்த்திக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தோம். கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினேன். உள்ளே திடீரென்று அமைதி.

"அவங்க வீட்டுக்குப் போகணும்," என்றார்.

"எப்ப?"

"இப்பவே. நாளைக்குன்னா எனக்குத் தைரியம் போயிடும்."

அந்த அம்மா கதவைத் திறந்து, எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளே வாங்க என்பார். அந்தப் பெண் தாங்குகட்டையை ஊன்றிக்கொண்டு வந்து நிற்பாள். அவர்கள் முன்னால் நாங்கள் இதைச் சொல்ல வேண்டும். போலீஸ் என்று ஆகலாம். இவர் வேலையும் போகலாம். இவ்வளவும் தெரிந்தே கேட்டேன்.

"நானும் வரட்டுமா?"

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"வா," என்றார். "ஆனா இந்தத் தடவை நீ முதல்ல பேசிடாதே."

"பேசல," என்றேன்.