பதினாலாவது வரிசை

ஆய்வகத்தில் எல்லோரும் சிப் வேலை செய்துவிட வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருக்க, ஆன்டெனா மட்டும் அது சொதப்ப வேண்டுமென்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் சிக்னலைப் பதிவுசெய்ய ஆன்டெனாவும் கையுமாக அலைவதால் வந்த பட்டப்பெயர் அது. சிப்பை உருவாக்கியது வேறு யாருமில்லை, அவர் மனைவி. எழுதி, அழித்து, மறுபடி எழுதக்கூடிய அந்தச் சிப்புக்குள், தான் நிற்கும் இடத்தைச் சொல்லும் ரிசீவரையே கட்டியிருந்தாள். ஏழு மாத உழைப்பு. இன்று தேறாவிட்டால் மூடுவிழாதான் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சோதனைக்குப் போட்டது ஆன்டெனா ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துவந்த பதிவு. மச்சான் வீடு மாற்றிய ஞாயிறு அது. பீரோ தூக்கக் கூப்பிட்டபோது, "ஆபீஸ் மொட்டை மாடியில ரெக்கார்டிங் இருக்கே" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நழுவியவர், நேரே போனது கால்பந்து மைதானத்துக்கு. திறந்தவெளி கேலரி, தலைக்கு மேல் முழு வானம். பதிவும் ஆயிற்று, ஆட்டமும் ஆயிற்று. அந்தப் பதிவே எடுத்த இடத்தைக் காட்டித் தன்னைப் போட்டுக்கொடுக்கும் என்பது, சிக்னலோடே குடித்தனம் நடத்துகிற மனிதருக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை.

இடம் தெரிய நாலு செயற்கைக்கோள் சிக்க வேண்டும். திரையில் ஒன்று பச்சையானது. இரண்டு. மூன்று. 'போதும்டா சாமி, நில்லு' என்று நினைத்தார். நாலாவதும் பச்சை.

வரைபடத்தில் புள்ளி விழுந்தது. மேலாளர் குனிந்து பார்த்தார்.

"மொட்டை மாடியில எடுத்த பதிவுதானே? இது எட்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுது. தேறலம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேபிளைக் கழற்றத் தொடங்கினாள். ஆன்டெனா வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் ஏழு மாத உழைப்பை அவள் மூட்டை கட்டுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், சிப் சரியாத்தான் சொல்லுது," என்றார். "நான்தான் பொய் சொன்னேன். அன்னைக்கு மேட்ச் பாக்கப் போயிருந்தேன்."

ஆய்வகமே கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்தாள்.

"எத்தனை மீட்டர் பிழைன்னு பாக்கணும். எந்த வரிசையில உக்காந்திருந்தீங்க?"

"பதினாலாவது வரிசை. ஓரத்து சீட்டு."

புள்ளியைப் பெரிதாக்கி அளந்தாள். "ரெண்டே மீட்டர்தான் சார் வித்தியாசம்."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவள் நோட்டை மூடிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த பீரோ இன்னும் மாடிப்படிக்குக் கீழேயே நிக்குது. ஞாயித்துக்கிழமை போங்க. ரெக்கார்டரையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க. போனீங்களா இல்லையான்னு சிப்பு சொல்லட்டும்."