நான்காவது திரை

மொழிபெயர்ப்பாளர் தம் கணினியை, ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே தெரியும்படி, நான்கு திரைகளாகப் பிரித்து வைத்திருந்தார். முதலாவது வேலைக்கு. வெள்ளைப் பின்னணியில் கடிகாரம், அகராதி, கெடு நாள் என்று மூன்று சின்ன விட்ஜெட் பெட்டிகள் ஓரமாக மிதக்கும். அடுத்த இரண்டும் மின்னஞ்சலுக்கும் பாட்டுக்கும். கடைசித் திரை பச்சைப் பசேலென்று இருக்கும்; அதில் சீட்டாட்டத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. மானிட்டரின் முதுகுதான் வாசலைப் பார்த்திருந்தது. மனைவி வரும் சத்தம் கேட்டால் விசையை ஒரு தட்டுத் தட்டி வேலைத் திரைக்குத் தாவிவிடுவார்.

அன்றும் தாவினார்.

"என்னங்க, ஆட்டம் முடிஞ்சா சாப்பிட வாங்க," என்றாள் மனைவி வாசலில் நின்றபடி.

"ஆட்டமா? தலைக்கு மேல வேலை கிடக்கு!"

"உங்க மூக்குக்கண்ணாடி பச்சையா இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் வெளுத்துப்போச்சு."

மனிதர் அசரவில்லை. சாப்பிட்ட கையோடு நான்கு திரைகளுக்கும் அதே பச்சையைப் பூசினார். கடிகாரமும் அகராதியும் புல்வெளியில் மேய்வதுபோல நின்றன. மொழிபெயர்ப்பு ஒரு வரிகூட நகரவில்லை. ஆனாலும் மனசு நிறைந்துபோயிற்று.

மறுநாள் கெடு கழுத்தை நெரித்தது. அவர் நிஜமாகவே வேலையில் மூழ்கியிருந்தபோது மனைவி எட்டிப்பார்த்தாள்.

"அடடே, இன்னைக்கு வேலை நடக்குது போல!"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எல்லாமே பச்சைதானே? எப்படிக் கண்டுபிடிச்சே?"

"மூஞ்சி உம்முனு இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.