முப்பதாவது பெயர்

கிணற்றுக்காரர் பஞ்சாட்சரத்துக்கு மாதம் ஆயிரத்தைந்நூறு கொடுத்தால்தான் ஞாயிறு காலைகளில் கிணறு எங்கள் நீச்சல் சங்கத்துக்கு. அந்தப் பணத்தை வேலூர் அறக்கட்டளை ஒன்று கொடுத்தது. பிள்ளைக்கு ஐம்பது ரூபாய். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளாக இருக்க வேண்டும், முப்பது பேருக்குக் குறையக் கூடாது.

சங்கம் என்றால் கல்பனா அக்காதான். தன் தம்பி தடுப்பணையில் மூழ்கிச் செத்த வருஷம் தொடங்கினாள். அவள் படியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். நான் மேட்டில் உட்கார்ந்து வருகைப் பதிவு எழுதுவேன்.

தை மாதம் அபிநயாவை அவள் அப்பா அம்மா காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். இருபத்தொன்பது பேர்தான் மிச்சம்.

"உன் பேரையே எழுதிடு. பத்தாவதுன்னு போடு" என்றாள் அக்கா.

நான் எட்டாவதோடு நின்று இரண்டு வருஷம். எழுதினேன். எனக்கும் ஒரு குடுக்கை கிடைத்தது. பங்குனிக்குள் மிதக்க வந்துவிட்டது. எதிர்ச் சுவரைத் தொடத்தான் முடியவில்லை.

அப்போதுதான் அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வந்தார். முந்தின நாளே அக்கா என்னைப் பத்தாவது, பத்தாவது என்று பத்துத் தடவை சொல்ல வைத்திருந்தாள். அவர் ஒவ்வொருவரிடமும் பேரும் வகுப்பும் கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே நின்றேன்.

"நீ எந்த கிளாஸ்மா?"

"நின்னுட்டேன் சார்."

பத்தாவது என்றுதான் சொல்ல இருந்தேன். இந்த இரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

அவர் கோபப்படவில்லை. ஏன் நின்றாய் என்று கேட்டார். ஒன்பதாவது படிக்கப் போக பஸ் இல்லை என்று சொல்லியிருக்கலாம், பாவாடையையே மறுபடி பிழிந்தேன். முப்பது என்று எழுதினால் தன் வேலை போய்விடும் என்று அக்காவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பணம் வரவில்லை. பஞ்சாட்சரம் இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாவது வாரம் படியில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டார்.

அக்கா கண்ணமங்கலத்தில் துணிக்கடை வேலைக்குப் போனாள். போகும்போது கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"நெசத்ததான சொன்ன. வுடு."

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் தடுப்பணைக்குப் போனார்கள். கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். இறங்கியது பதினொரு பேர். கயிற்றைக் கட்ட அங்கே ஒரு மரம்கூட இல்லை. கரையில் நின்று தலைகளை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன்.