மாத்திரையும் சேர்த்து எழுதிய பிராது

“சேர்த்துட்டுப் போறீங்களா, வீட்டுல வெச்சே பாத்துக்குறீங்களா? இப்பவே சொல்லுங்கம்மா.”

டாக்டர் ராஜ்மோகன் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். அம்சவல்லி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் புருஷன் நடராசன். செராமிக் கம்பெனியில் சூளைக்குள் கப்பு அடுக்குகிறவன். பகலில் பிராந்தி, படுக்கும்போது தூக்க மாத்திரை. ஆறு வருஷமாக இதே கதை.

“சேர்த்தா மூணு வாரம். அதுதான் நல்லது. வீட்டுலன்னா நான் கொடுக்கிற மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது. எல்லாத்தையும் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும்.”

நடராசன் அவள் முந்தானையைப் பிடித்தான். “உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடாத அம்சா.”

அவ்வளவுதான், கரைந்துவிட்டாள். “வூட்டுலயே பாத்துக்குறேங்க.”

திரும்பும் வழியில் மணவாளநல்லூரில் இறங்கினார்கள். அங்கே கோயிலில் கொளஞ்சியப்பர் என்கிற முருகனிடம் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டினால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்பது ஊர் நம்பிக்கை. அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ‘இனி குடிக்க மாட்டேன்’ என்பதோடு அவன் நிறுத்தினான். அவளா விடுவாள்?

“மாத்திரையும் தொட மாட்டேன்னு சேத்துக்கறேன். கொஞ்சம் சந்து வுட்டாலும் நீங்க பூந்துடுவீங்க.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் டாக்டர் கொடுத்த மாத்திரையை நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

“மாத்திரை தொட மாட்டேன்னு எழுதியாச்சே.”

“ஐய, அது வேற, இது வேறங்க!”

“சாமிகிட்ட அப்படிப் பிரிச்சு எழுதலயே.”

கெஞ்சினாள். திட்டினாள். காபியில் கரைத்துக் கொடுத்தாள். மோந்து பார்த்துவிட்டுக் கொட்டினான். ஆயிரம் சத்தியத்தை மென்று துப்பியவன், இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டான். மறுநாள் கை உதறியது. அதற்கடுத்த நாள் காலையில், சுவரெல்லாம் கப்பு நடக்குது என்று அலறினான்.

பெட்டிக்கடையின் ஒரு ரூபாய் போனுக்கு ஓடினாள். “உடனே கொண்டாந்து சேருங்க!” என்றார் டாக்டர். அவள் திரும்பியபோது அவன் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்தான். நர்ஸ் ஊசியோடு நின்றாள்.

“வேணாம் அம்சா. சாமி குத்தமாயிடும்.”

“குத்தம் எனக்கு வரட்டுங்க. நான்தானே எழுதுனேன்?”

“கையெழுத்து என்னுது.”

“பேச்சு அப்புறம். கையக் கெட்டியாப் புடிங்கம்மா,” என்றாள் நர்ஸ்.

அம்சவல்லி இரண்டு கையாலும் அழுத்தினாள். முழங்காலையும் கொடுத்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதறல் அடங்கவில்லை. நரம்பு நழுவியது. நர்ஸ் ஊசியை உருவி, மறுபடியும் குத்தினாள்.