கை நனைத்த நாள்

"இது சர்க்கார் நட்ட கல்லா, நீங்களா கொண்டாந்து வெச்ச கல்லா?" என்று கிருஷ்ணவேணி கேட்டாள்.

"சர்க்கார் கல்லுதாங்க. பெயிண்டுல நம்பர் போட்டுருக்குது பாருங்க" என்றார் பாண்டுரங்கன்.

"நம்பரு யாரு வேணா போடலாம்."

"ஆட்டிப் பாருங்க. கான்கிரீட்டு போட்டுப் புதைச்சது."

கிருஷ்ணவேணி குனியவில்லை. செருப்புக் காலால் கல்லை இரண்டு உதை உதைத்தாள். கல் ஆடவில்லை.

"மொத்தம் எவ்ளோ உள்ள போவுது?"

"ரெண்டு ஏக்கரா இருபது சென்ட்டு. தை மாசத்துக்குள்ள பணம் வந்துரும்னு பெரியதம்பி சொல்லியிருக்காரு."

"சரி வாங்க, சாப்பிடலாம்" என்றாள் கிருஷ்ணவேணி.

ஏழு வருஷம் ஆகிறது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று அப்பாவுக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் நடந்த அந்தப் பேச்சைக் கேட்ட கலைப்பிரியாவுக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டு, காபி கூடக் குடிக்காமல், கல்லைப் பார்க்க வயலுக்குப் போனார்கள். கல்லைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தார்கள். பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பரிமாறும்போது மாப்பிள்ளை ராஜ்குமார் அவளை நிமிர்ந்து பார்த்து, ரசம் போதும் என்று கையால் காட்டினான். அந்தக் கை அவளுக்குப் பிடித்திருந்தது.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் இருந்தது அவர்கள் ஊர். தொழிற்பேட்டை வரப்போகிறது, அதற்கு எடுக்கும் நிலத்தில்தான் கல் நட்டிருக்கிறார்கள், ஐந்தாறு கம்பெனிகள் வரும், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. பி.காம் முடித்திருந்த கலைப்பிரியா கூட, கம்பெனி வந்தால் ஆபீஸ் பக்கம் தனக்கொரு நாற்காலி கிடைக்கும் என்று நம்பினாள்.

நிச்சயதார்த்தத்தன்று பாண்டுரங்கன் ஒரு தப்பு செய்தார். தட்டு மாற்றியதும், யாரும் கேட்காமலே எழுந்து நின்று சபையில் சொன்னார். நிலத்துப் பணம் வந்ததும் மாப்பிள்ளைக்குத் திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடை வைத்துக் கொடுப்பாராம். அதுவரை சம்பந்தி வீட்டில் அவர் கை நனைக்க மாட்டாராம். கூட்டம் ஆஹா என்றது. வாக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். தை மாதம் வர அப்போது ஐந்தே மாதம்தான் இருந்தது. ஐந்து மாதம் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெரிய காரியமா?

தை வந்தது, போனது. பெரியதம்பி அந்த வட்டாரத்தின் கட்சிக்காரர். தேர்தலுக்கு முன்னால் ஊருக்கு வந்து, கம்பெனியைக் கொண்டு வருவது நாங்கள்தான் என்றார். தேர்தல் முடிந்ததும், வரவிடாமல் தடுப்பது அவர்கள்தான் என்றார். ஆளுங்கட்சி மாறியபோது பெரியதம்பி தோள் துண்டை மாற்றினார். பேச்சை மாற்றவில்லை. கல் நட்ட நிலத்தில் மரம் இருந்தால் மரத்துக்குத் தனியாகப் பணம் வரும் என்று சொன்னவரும் அவர்தான். பாண்டுரங்கன் அந்த வருஷம் மல்லாட்டைக் கடலை போடவில்லை. இரண்டு ஏக்கரிலும் மாங்கன்று நட்டு, போர்வெல் வற்றிய மாதங்களில் டிராக்டரில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். பாதி கன்றுகள் காய்ந்தன. மீதி, இடுப்பு உயரத்துக்கு மேல் வளரவே இல்லை.

கல்யாணம் முடிந்து, விழுப்புரத்தில் கிழக்கு பாண்டி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கலைப்பிரியா வாழ்ந்தாள். ராஜ்குமார் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்தான். கல்யாணமான முதல் மாதம் அவளை மரக்காணம் கடற்கரைக்கு அழைத்துப் போனான். அவள் செருப்பை அலை கொண்டு போனதும், தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுடுமணலில் குதித்துக் குதித்து நடந்தான். அவள் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு அவள் ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறாள்.

அதன் பிறகு எல்லாமே கடை வந்த பிறகு என்று ஆனது. மாடியில் தனி அறை கடை வந்த பிறகு. அவள் வேலைக்குப் போவது, கம்பெனி வந்த பிறகு. மூன்றாம் வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. கடையே வரவில்லை, அதற்குள் இது எதற்கு என்றாள் கிருஷ்ணவேணி. ராஜ்குமார் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மாத்திரையோடு வந்தான். அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

பாண்டுரங்கன் திங்கட்கிழமைகளில் வருவார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க விழுப்புரம் வரும்போதெல்லாம் முதலில் மகள் வீட்டுக்கு வந்துதான் மனுவை எழுதி வாங்குவார். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வாசலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து வெள்ளைத்தாளும் தன் தண்ணீர் பாட்டிலும் எடுப்பார். அந்த வீட்டுத் தண்ணீரை அவர் தொட்டதில்லை. சித்திரை வெயிலில் ஒருமுறை பாட்டில் காலியாகி, எதிர் வீட்டில் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"சம்பந்தி வந்துட்டாரு. கம்பெனி வந்துச்சா?" என்று உள்ளிருந்து கிருஷ்ணவேணி கேட்பாள். அந்த வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. குழம்பில் உப்புக் குறைந்தாலும், குழாயில் தண்ணீர் நின்றாலும், கம்பெனி வந்துச்சா என்பார்கள். ராஜ்குமாரும் சிரிப்பான். முதலில் வாய்க்குள் சிரித்தான், பிறகு வெளியே.

பெறுநர், பொருள், ஐயா என்று கலைப்பிரியா எழுதுவாள். பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று முடிப்பாள். ஒவ்வொரு முறையும் தாளை மடித்துக் கொடுக்கும்போது, அவளுடைய சொந்த மனு ஒன்று தொண்டை வரைக்கும் வரும். அதற்குள் பாண்டுரங்கன் முந்திக்கொள்வார். "இந்தத் தடவை வந்துரும் பாப்பா. ஆபீசருங்க ஜீப்புல வந்து பாத்துட்டுப் போனாங்க" என்பார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எதைச் சொல்வது? அவள் திரும்பிப் போனால் அவர் சபையில் கொடுத்த வாக்கு பொய் என்றாகிவிடும். எழுபது மனுவுக்கு மேல் எழுதிவிட்டாள். தன்னுடையதை மட்டும் சொல்லவில்லை.

இந்த ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பாண்டுரங்கன் புது வேட்டியில் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பூ, ஸ்வீட் பெட்டி. சட்டைப் பையில் ரிஜிஸ்டர் தபாலில் வந்த ஒரு பழுப்புக் கவர். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். பிரிக்கவில்லை.

ஊரிலேயே முதல் கடிதம் அவருக்குத்தான் வந்ததாம். ஊரில் அதிகம் மனு போட்டவர் அவர்தானே. பெரியதம்பி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெட்ட சேதிக்கெல்லாம் கவர்மெண்டு இவ்ளோ ஸ்டாம்பு ஒட்டாது அண்ணே" என்று சொல்லியிருக்கிறார். எழுதிய கையே பிரிக்கட்டும் என்று பாண்டுரங்கன் மூன்று நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்து எடுத்து வந்திருக்கிறார்.

வருவதாக முந்தின நாளே போன் செய்திருந்தார். அதனால் கிருஷ்ணவேணி காலையிலேயே அடுப்பில் நின்றாள். வடை, பாயசம், உருளைக்கிழங்கு வறுவல். ராஜ்குமாரை அரை நாள் லீவு போடச் சொல்லியிருந்தாள். தலைவாழை இலையைத் தானே விரித்து, சம்பந்தி உள்ளே வரணும் என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவர் அந்த நிலைப்படியைத் தாண்டினார். கண் கலங்கியிருந்தது.

கலைப்பிரியாவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ராஜ்குமார் காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாண்டுரங்கன் கவரை எடுத்து மகளிடம் நீட்டினார். கிருஷ்ணவேணி தடுத்தாள். "மொதல்ல கை நனைங்க சம்பந்தி. சாப்பிட்டுக்கினே கேட்டாத்தான் நல்ல சேதி உடம்புல ஒட்டும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. நெய்யைக் கிருஷ்ணவேணியே ஊற்றினாள். பாண்டுரங்கன் இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தை எடுத்தார். அதை வாயில் போட்டு மெதுவாக மென்று விழுங்கினார்.

"இப்பப் படிம்மா" என்றாள் கிருஷ்ணவேணி.

கலைப்பிரியா கவரைக் கிழித்தாள். ஒரே ஒரு தாள். கண் இரண்டாவது பத்திக்குத் தாவியது. அங்கேயே நின்றது.

பிறகு படிக்க ஆரம்பித்தாள். "தங்கள் மனுக்கள் பரிசீலிக்கப்பட்டன. தங்கள் கிராமத்தில் நில எடுப்புப் பணி முடியும் தருவாயில் உள்ளது. இழப்பீட்டுத் தொகை விரைவில்…"

ஏழு வருஷமாக அந்த மொழியில்தான் எழுதியிருக்கிறாள். பொய் தடங்கலில்லாமல் வந்தது. பாண்டுரங்கன் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார்.

கிருஷ்ணவேணி பாயச வாளியைக் கீழே வைத்தாள். "நீ வாங்கிப் படிடா ராஜி. உங்க மாமாவுக்கு ஆம்பளக் குரல்ல கேக்கணுமாம்."

"வேணாங்க" என்றாள் கலைப்பிரியா, கணவனுக்கு மட்டும் கேட்கும்படி.

ராஜ்குமார் அவள் விரல்களிலிருந்து தாளை உருவினான். நாள், எண், பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று ஒரு வரி விடாமல் படித்தான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தொழிற்பேட்டை வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படுகிறது. தங்கள் கிராமத்தில் நில எடுப்பு கைவிடப்படுகிறது. நிலத்தைத் தாங்கள் வழக்கம்போல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

"வழக்கம்போல்" என்று கிருஷ்ணவேணி திருப்பிச் சொன்னாள். "நல்ல சர்க்காரு. நிலத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க பாருங்க. எங்களுக்குத்தான் ஏழு வருஷத்தை யாரும் திருப்பித் தர மாட்டாங்க."

பாண்டுரங்கன் கை இலையில் அப்படியே இருந்தது.

"எனக்கு சனிக்கிழமையே தெரியும் சம்பந்தி. என் தம்பி கலெக்டர் ஆபீசுல கிளார்க்கா இருக்கானே, அவன் போன் பண்ணி சொன்னான்" என்றாள் கிருஷ்ணவேணி. "சரி, மனுசன் ஆசையா வர்றாரு, ஒரு வாய் சாப்பிடட்டும்னுதான் வடை பாயசம் எல்லாம் பண்ணேன். சாப்பிடுங்க. கை நனைச்சாச்சே, அப்புறம் என்ன?"

கலைப்பிரியா கணவனைப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமா?"

அவன் கடிதத்தை முன்பு இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தான். ஓரம் பிசகாமல் மடிப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தான். சுடுமணலில் குதித்து நடந்தவனை அந்த முகத்தில் அவள் தேடினாள். தேடுவதை அன்றோடு விட்டாள்.

விருந்தாளி இலையில் பாதியில் எழுந்தால் அந்த வீட்டுக்கு அவமானம். எழாமல் சாப்பிட்டால் அவருக்கு அவமானம். பாண்டுரங்கன் எழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. வடையின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவர் அதை ஓட்டவில்லை. பிறகு, தன்னைவிட நான்கு வயது சின்னவளான கிருஷ்ணவேணியிடம், அம்மா என்று கூப்பிட்டுப் பேசினார். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியதம்பி சென்னை வரைக்கும் போய்ப் பார்ப்பார். தேர்தல் வந்தால் மறுபடியும் நம் ஊருக்கே திருப்புவார்கள். பெண்ணை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள், அவள் இங்கேயே இருக்கட்டும், அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

"நாங்க என்னத்த சொல்லப்போறோம்? மூணு வேளை சோறு போட்டுக்கினுதான இருக்கோம்" என்றாள் கிருஷ்ணவேணி.

பாண்டுரங்கன் தலையாட்டினார். பருப்புச் சோறு ஒட்டிய வலது கையை இலைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, இடது கையால் மஞ்சள் பையைத் துழாவினார். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தார்.

"பாப்பா, எழுதும்மா. இப்பவே ஒண்ணு எழுது. மத்தியானத்துக்குள்ள போனா கொடுத்துரலாம். எங்க பொண்ணு வாழ்க்கையே இதுல இருக்குதுன்னு போடு. அதை இதுவரைக்கும் நம்ப போட்டதே இல்ல."

கலைப்பிரியா தாளை வாங்கினாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பெறுநர் என்று எழுதினாள். அதற்குக் கீழே கை நகரவில்லை. அப்பாவின் காய்ந்துகொண்டிருந்த விரல்களையே பார்த்தாள். விரலிடுக்கில் சோற்றுப் பருக்கைகள் வெளுத்துக்கொண்டிருந்தன. பேனாவை மூடித் தரையில் வைத்தாள். தாளை இரண்டாக மடித்து அவர் பைக்குள் வைத்தாள். எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, அந்த இலையிலேயே, அவர் கைமேல் ஊற்றினாள். மாமியார் ஏதோ சொன்னது காதில் விழவில்லை.

"இனிமே யாருக்கும் எழுத வேணாம்பா. உங்கிட்டதான் கேக்கணும், ஏழு வருசமா கேக்கணும்னு இருக்கேன்" என்றாள். "என்னை நம்ப வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுப்பா."