கதாநாயகியின் குடை

1993இல் புதுக்குடியிருப்பில் வெளிவந்த கையெழுத்துச் சஞ்சிகைக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது வீடு வீடாகச் செல்லும். வாசித்தவர் கடைசிப் பக்கத்தில் கருத்தெழுதி, ஒப்பமிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒப்பமிடாத வீட்டுக்கு அடுத்த இதழ் போகாது என்பது ஆசிரியர் யோகலிங்கம் மாஸ்ரரின் விதி.

சைக்கிள் திருத்தும் வினோதன், மின்சாரமில்லாத அந்த ஊரில் ஜெனரேற்றரின் எண்ணெய் தீரும்வரை பார்த்த ஒரு சினிமாப் படத்தை அதில் சித்திரக்கதையாக வரைந்துவந்தான். இரண்டு இதழ்கள் வந்தன; கதாநாயகி வரவில்லை.

கடைசிப் பக்கத்தில் முறைப்பாடுகள் சேர்ந்தன. கதாநாயகன் எவருக்காகப் பன்னிரண்டு பேரை அடித்தான் என்று நேசமலர் ரீச்சர் கேட்டிருந்தார். அவன் மரத்தைப் பார்த்துப் பாடுவது ஏன் என்று கேட்ட பொன்னையாவுக்கு, மரத்தின் பெயரும் வேண்டியிருந்தது.

மாஸ்ரர் வினோதனை அழைத்து விளக்கம் கேட்டார்.

"எட்டுப் பக்கத்துக்குள்ள காதலுக்கு இடமில்லை, மாஸ்ரர். வெளிநாட்டிலயும் படத்தைக் காட்டூனா மாத்தேக்க காதலியைத்தான் முதல் வெட்டுவினமாம்."

"அப்ப இவன் ஏன் ஆத்துக்குள்ள குதிக்கிறான்?"

"குளிக்க."

"கால்ல சப்பாத்தோடயோ?"

சிறுவர்களும் வாசிக்கிறார்கள், சேலை மடிப்புக்கு மை போதாது என்று வினோதன் மேலும் இரண்டு காரணங்கள் சொன்னான். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. அவன் எந்தப் பெண்ணை வரையத் தொடங்கினாலும், மூக்கை முடிக்கும்போது அவள் சிவரூபி ஆகிவிடுவாள். சிவரூபி, ரியூசனில் கணக்குப் படிப்பிப்பவள். சனிதோறும் சைக்கிளுக்குக் காற்றடிக்க அவனுடைய கடைக்கு வருபவள். சஞ்சிகை மூன்றாவதாகச் செல்வது அவளுடைய தகப்பன் பழனியாண்டியின் வீட்டுக்கு. மகளின் முகத்தை அதில் கண்டால், பிறகு அவர் அவளைக் கடைப்பக்கம் விடமாட்டார்.

அடுத்த இதழில் கதாநாயகி வராவிட்டால் அந்த எட்டுப் பக்கமும் இயற்கை உரம் பற்றிய கட்டுரைக்குப் போகும் என்று மாஸ்ரர் அறிவித்தார்.

வினோதன் மூன்று நாள் யோசித்தான். பின்பு, படத்தில் இல்லாத மழையைப் பெய்யவைத்து, கதாநாயகியின் கையில் ஒரு குடையைக் கொடுத்து, முகத்தை முற்றாக மறைத்தான். கழுத்துக்குக் கீழே அவள் எவளாகவும் இருக்கலாம். மிஞ்சிய கவனம் முழுவதையும் குடைக்குக் கொடுத்தான்.

அந்த இதழ் வீடு வீடாகப் போகத் தொடங்கிப் பதினொரு நாளின் பின் மாஸ்ரர் சஞ்சிகையுடன் கடைக்கே வந்தார். கடைசிப் பக்கத்தை விரித்து நீட்டினார்.

நேசமலர் ரீச்சர்: "கதாநாயகி வந்தது மகிழ்ச்சி. பழனியாண்டி ஐயா வீட்டுக் குடை தத்ரூபம்."

பொன்னையா: "கைப்பிடியில் ரியூப் சுற்றிய குடை இந்த ஊரில் ஒன்றுதான்."

முறிந்த கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாபோலக் கீலமாக வெட்டி ஏழு சுற்றுச் சுற்றிக் கொடுத்தவன் வினோதனே. படத்திலும் ஏழு சுற்று இருந்தது. அடுத்த வரியை வாசிக்குமுன் அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டான்.

பழனியாண்டி: "குடை எங்களுடையது. பிள்ளையை அதிக நேரம் மழையில் நிற்பாட்ட வேண்டாம்."

அதன் கீழே, கணக்குக் கொப்பிக்குரிய ஒழுங்கான எழுத்தில், சிவரூபி: "படத்தில் ஏழு சுற்று உள்ளது. ஒரு சுற்றுக் கழன்றுவிட்டதால் இப்போது ஆறு. சனிக்கிழமை குடையைக் கொண்டுவருகிறேன்."

போர்க்காலப் பொருள் தடையால் ரியூப்புக்குப் பெருந்தட்டுப்பாடான காலம் அது. கடையில் புது ரியூப் ஒன்றுதான் இருந்தது. வினோதன் அதை எடுத்து, கீலம் வெட்டத் தொடங்கினான்.